சின்ன சைஸ் தொப்பி

அத்தியாயம் 6

"நாலு மணிக்கு எங்க அண்ணனோட மூச்சை நிறுத்தப் போறாங்க" என்றாள் தையல்காரி.

அப்போது மணி பதினொன்றே கால். சாவுக்கு நேரம் குறித்துக்கொண்டு வருகிற ஆட்கள் எங்களுக்குக் குறைவு. பெரும்பாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் கதவைத் தட்டுவார்கள்.

மேடம் நாற்காலியைக் காட்டினார். அவர் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். நான் அவருடைய உதவியாள். வாய் ஓயாதவன் என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறார்.

கதை இவ்வளவுதான். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஐந்து மாதத்துக்கு முன்னால் நாலாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. முகமும் அசையாது, கண் இமைகூட அசையாது. மூச்சு விடுவது மெஷின். உள்ளே நினைவாவது இருக்கிறதா என்று பார்க்க, திங்கட்கிழமை தலையில் தொப்பி மாட்டி மூளை அலையை எடுத்தார்கள். உள்ளே யாரும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. மனைவி கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

"எங்க அண்ணனுக்கு எல்லாம் கேக்குது மேடம். அண்ணி அவரைக் கொல்றாங்க."

"கேக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"நான் பேசினா கண்ணுல தண்ணி வருது."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அது தானா வர்றதுன்னார்."

"சரியாத்தான் சொல்லியிருக்கார். வேற?"

மேடத்துக்கு இரக்கம் உண்டு. ஆனால் அதை ஆபீஸுக்குக் கொண்டு வரமாட்டார். தையல்காரி கழுத்தில் தொங்கிய டேப்பை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள். கடையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள்.

"வேற ஒண்ணும் இல்ல மேடம். அண்ணி முன்ன மாதிரி இல்ல. போன் வந்தாக்கூட வெளில வராந்தாவுக்குப் போய்த்தான் பேசுறாங்க."

மேடத்தின் பேனா நின்றது. "வார்டுக்குள்ள போன் பேசக்கூடாதுன்னு சட்டமா?"

"அதெல்லாம் இல்ல. நர்ஸுங்களே கட்டில் பக்கத்துல நின்னு கத்திப் பேசுவாங்க."

"ரேடியோ, பையை எடு" என்றார் மேடம். "புருஷனுக்குக் காது கேக்காதுன்னு கையெழுத்துப் போட்ட பொம்பளை, அவர் காதுக்கு எட்டாம எதைப் பேசுறா?"

---

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் ஏழாம் நம்பர்.

"ஏழை இந்தப் பக்கம் புரட்டு" என்று ஒரு நர்ஸ் சொன்னாள். இன்னொருத்தி புரட்டினாள். தலையின் இடது பக்கம் சப்பிப் போய் இருந்தது. விழுந்தபோது மூளை வீங்கியதால், அந்தப் பக்கத்து மண்டை எலும்பில் உள்ளங்கை அளவு வெட்டி எடுத்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறார்களாம். எலும்பு இல்லாத இடத்தில் தோல் மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. பார்க்க முடியவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மனைவி அவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, சின்ன முகம், தூங்கி நாளான கண்கள். நாலு மணிக்குப் போகப் போகிறவருக்கு நகம் வெட்டுகிறாளே, எவ்வளவு தேர்ந்த நடிகை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைப் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து நொந்திருக்கிறேன்.

"நாங்க உங்க நாத்தனார் அனுப்பின ஆளுங்க" என்றார் மேடம். "அவருக்குக் கேக்குமா?"

"கேக்காது." தலை நிமிரவில்லை.

"நிச்சயமா?"

"ரிப்போர்ட்ல இருக்கு. படிச்சுக்குங்க."

அவள் போன் அடித்தது. நகவெட்டியைத் தட்டில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போனாள். போகும்போது கதவையும் சாத்தினாள். மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். மாட்டிக்கிட்டா என்று அர்த்தம்.

---

மூளை அலை எடுக்கும் அறை அடித்தளத்தில் இருந்தது. தையல்காரியும் எங்களோடு வந்தாள். அங்கே இருந்தவரை ஆஸ்பத்திரி முழுக்கத் தொப்பிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருஷ சர்வீஸ். தொப்பி நனைக்கிற உப்புத் தண்ணீரிலேயே கிடந்து விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது.

மேசைமேல் ஒரு தொப்பி. தொப்பி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வலைபோல இருந்தது. முடிச்சுக்கு முடிச்சு ஒரு குட்டி ஸ்பாஞ்சு, ஸ்பாஞ்சுக்குள்ளே ஒரு சென்சார்.

"இருநூத்தி அம்பத்தாறு" என்றார் தொப்பிக்காரர். "கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், மண்டையைத் தொறக்க வேண்டாம். மேல மாட்டினா போதும். மூளையில எந்த மூலை எப்ப வேலை செய்யுதுன்னு தெரியும்."

"எனக்கு மாட்டினா?" என்றேன்.

"மீடியம்" என்றார், என் தலையை ஒரு நொடி பார்த்துவிட்டு. "அளவுதான் சொல்ல முடியும். உள்ள சரக்கு இருக்கான்னு மாட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

இந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதுவும் ஒரு சங்கடம்.

அசையாத ஆளிடம் எப்படிக் கேள்வி கேட்பீர்கள் என்று மேடம் கேட்டார். அவர் சொன்னது எனக்கே புரிந்தது. 'ஆமாம்' என்றால் வலது கையால் ஸ்பேனரைத் திருகுவதுபோல் மனசில் நினைக்கவேண்டும். 'இல்லை' என்றால் கால் விரல்களை ஆட்டுவதுபோல் நினைக்கவேண்டும். கையை நினைத்தால் திரையில் இருக்கும் தலைப் படத்தில் இடது பக்கம் நீலமாகும். காலை நினைத்தால் உச்சி நீலமாகும். கை நிஜமாக அசையவேண்டும் என்று அவசியமே இல்லை, நினைப்பு போதும்.

"திங்கட்கிழமை எடுத்ததைக் காட்டுங்க."

காட்டினார். கேள்விக்குக் கேள்வி வெறும் வெள்ளைத் தலை. கீழே இடது பக்கத்து அலையும் வலது பக்கத்து அலையும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒரே உயரத்தில் ஓடின.

மேடம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"பக்கத்து வீட்டுல சண்டை நடக்குது" என்றார். "சுவத்துல காதை வெச்சா முணுமுணுன்னு கேக்கும். ஜன்னல் தொறந்திருந்தா?"

"வார்த்தைக்கு வார்த்தை கேக்கும்" என்றேன். "எனக்கு நல்ல அனுபவம்."

"இந்த ஆளுக்கு இடது பக்கம் ஜன்னல் தொறந்து கெடக்கு. எலும்பே இல்ல. அந்தப் பக்கத்து அலை மட்டும் பெருசா வரணுமே. ஏன் ரெண்டும் ஒரே அளவா இருக்கு?"

தொப்பிக்காரர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இது முழு மண்டை இருக்கிற யாரோட தலையோ" என்றார் மேடம்.

அறையின் பின்பக்கம் கழுவுகிற இடம். மூன்று கொக்கிகளில் மூன்று சைஸ் தொப்பிகள் தொங்கின. பக்கத்தில் நூலில் கட்டிய ஒரு நோட்டு. எந்தத் தொப்பியை எந்தத் தேதியில் கழுவினார்கள் என்பது அதில் இருந்தது. ஒரு தொப்பியை இத்தனை தடவைதான் கழுவலாம், அதற்கு மேல் சென்சார் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும் என்று சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மேடம் நோட்டைப் புரட்டினார்.

"திங்கட்கிழமை ஒரே ஒரு டெஸ்ட். ஏழாம் நம்பருக்கு. ஆனா கழுவினது சின்ன சைஸ்." திரும்பி, "அம்மா, உங்க அண்ணன் தலை எத்தனை?" என்று கேட்டார்.

"இருபத்து நாலு அங்குலம்" என்றாள் தையல்காரி. டேப்பைத் தொடக்கூட இல்லை. "கடையில தொப்பி கிடைக்காம நான்தான் தைச்சுக் குடுப்பேன்."

"உங்க அண்ணி?"

"இருபதரை. போன வருஷம் மழைக்கோட்டு தைச்சப்ப அளவெடுத்தேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

என்ன மனுஷன் இவர்! ஓர் ஆளைச் சாகடிக்கப் பொய் ரிப்போர்ட் தயாரிக்கிறார். அந்தப் பொய்க்கும் தலைக்குப் பொருத்தமான அளவு பார்த்துத் தொப்பி மாட்டுகிறார். மாட்டியதைக் கழுவுகிறார். கழுவியதை நோட்டில் உண்மையாக எழுதுகிறார். லூசான தொப்பியை யார் தலையில் மாட்டவும் அவர் கை ஒப்பாது, நோட்டில் பொய் எழுதினால் நாளைக்கு வேறொரு நோயாளிக்குத் தப்பான அலை வரும். முப்பது வருஷ ஒழுங்கு அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இன்னும் இருக்கு" என்றார் மேடம். "அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பெரிய சைஸ் கழுவியிருக்கீங்க. அன்னிக்கு யார் பேர்லயும் ரிப்போர்ட் இல்ல. வெள்ளிக்கிழமை அவருக்கே மாட்டிப் பாத்தீங்க. நினைவு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அதை மறைச்சுட்டு, திங்கட்கிழமை அவர் சம்சாரத்தை உட்கார வெச்சு எடுத்தீங்க. சரியா?"

"சரி" என்றார் தொப்பிக்காரர்.

"ஏன்?"

"அதை மட்டும் கேக்காதீங்க." அவர் கண் கலங்கியிருந்தது. "நாலு மணி ஆகட்டும் மேடம். அப்புறம் என்னைப் போலீஸ்ல குடுங்க. நானே வர்றேன்."

இதைவிடத் தெளிவான வாக்குமூலம் எதற்கு? மேடம் நேராகப் பெரிய டாக்டர் அறைக்கு நடந்தார்.

---

பெரிய டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசையில் கோணலாக இருந்த பேனாவை நேராக வைத்தார். நரம்பு வைத்தியத்தில் பேர்போனவர். "என் எதிர்ல மறுபடி எடுக்கலாம்" என்றார். "மூணு மணிக்கு."

மனைவி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டு வாசலில், எல்லோரும் பார்க்க.

"வேண்டாம்மா. அவர்கிட்ட எதுவும் கேக்காதீங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"பயமா இருக்கா?"

"ஆமா."

"இருக்கத்தானே செய்யும்" என்றார் மேடம், கையை உதறிக்கொண்டு. நானும் சும்மா இருக்கவில்லை. "தலை அளவு சின்னதா இருந்தாலும் யோசனை பெருசுதான்" என்றேன். தையல்காரிகூடச் சிரித்தாள்.

மூன்று மணிக்குப் பெரிய சைஸ் தொப்பியை மாட்டினார்கள். கட்டிலைச் சுற்றி நாங்கள் ஆறு பேர். திரை ஓடியதும் எனக்கே பார்த்தவுடன் தெரிந்தது, இடது பக்கத்து அலை மட்டும் மற்றதைவிட மூன்று மடங்கு உயரம். எலும்பு போன இடம் வழியாக அந்த மனுஷனுடைய மூளை எங்களுக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

தொப்பிக்காரர் அவருடைய காதருகே குனிந்தார். "அண்ணே, நான்தான். ஆமான்னா ஸ்பேனர். இல்லைன்னா கால் விரல். தெரியும்ல உங்களுக்கு?"

பெரிய டாக்டரே கேட்டார். "இங்க நிக்கிறது உங்க தங்கச்சியா?"

மெஷின் மூச்சு விட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. திரையில் தலையின் இடது பக்கம் மெல்ல மெல்ல நீலமானது.

தையல்காரி 'அண்ணா' என்று அலறியதில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள்.

"நீங்க பிரம்மச்சாரியா?"

உச்சி நீலமானது. இல்லை. ஐந்து மாதமாக இவர் இங்கேயே இருந்திருக்கிறார். ஏழைப் புரட்டு என்றதையும், நர்ஸுகள் சினிமா பேசியதையும், உள்ளே யாரும் இல்லை என்று ரிப்போர்ட் படித்ததையும் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கிறார்.

மேடம் முன்னால் வந்தார். வழக்கை முடிக்கும்போது அவர் குரலில் ஒரு மினுமினுப்பு வரும்.

"உங்களை லிஃப்ட் குழியில யாராச்சும் தள்ளிவிட்டாங்களா?"

உச்சி. இல்லை.

"உங்க சம்சாரம் உங்களைக் கொல்லப் பாக்குறாங்களா?"

உச்சி. இல்லை. மற்ற இரண்டைவிட வேகமாக வந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. சும்மா கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் திணறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடுத்த கேள்வி அவருக்கு வந்துவிட்டது என்பதும், அதைக் கேட்க அவருக்கு இஷ்டமில்லை என்பதும் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கேட்டார்.

"மெஷினை நிறுத்தச் சொன்னது... நீங்களா?"

இடது பக்கம் நீலமானது. இதுவரை வந்ததிலேயே அடர்த்தியான நீலம்.

"பதினோரு தடவை கேட்டேன்" என்றார் தொப்பிக்காரர், யாரையும் பார்க்காமல். "வெள்ளிக்கிழமை. வேற வேற மாதிரி மாத்தி மாத்திக் கேட்டேன். பதினோரு தடவையும் ஸ்பேனர்தான்."

மனைவி கட்டில் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய டாக்டர்தான் முதலில் அசைந்தார். ஃபைலிலிருந்து அவள் கையெழுத்துப் போட்ட படிவத்தை உருவி, இரண்டாகக் கிழித்தார்.

"இது நினைவே இல்லாதவங்களுக்கான படிவம். இவருக்கு நினைவு இருக்கு. இனிமே நிறுத்தினா அது கொலை."

"அவரே கேக்குறாரே சார்" என்றார் தொப்பிக்காரர்.

"கேட்டா வாயால சொல்லணும். இல்ல கையெழுத்துப் போடணும். எந்தக் கையால போடுவார்?"

"இந்த அலையை வெச்சுத்தானே சார் நினைவு இருக்குன்னு சொல்றீங்க?"

"இருக்கார்னு சொல்ல அலை போதும். என்ன கேக்குறார்னு சொல்ல அலை போதாது. சட்டம் அப்படி." குரலில் கோபம்கூட இல்லை. பஸ் கிளம்பிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மேடம் மனைவியின் பக்கத்தில் குனிந்தார். "அப்ப அந்த போன்?"

"நாலு மணிக்கு மேல அவரை எடுத்துட்டுப் போக வண்டி அனுப்பச் சொல்லியிருந்தேன்" என்றாள் அவள். "அதை அவர் காதுபடப் பேச முடியுமா?" பிறகு மேடத்தை நேராகப் பார்த்தாள். "நீங்க கெட்டிக்காரங்கம்மா. அரை நாள்ல எல்லாத்தையும் கண்டுபிடிச்சுட்டீங்க. தினம் காலைல ஏழு மணிக்குத் தொண்டைக்குள்ள குழாய் விட்டுச் சளி எடுப்பாங்க. அவருக்குத் தெரியாதுன்னு நினைச்சு நானும் அஞ்சு மாசம் பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தேன். வெள்ளிக்கிழமைதான் கேட்டேன், வலிக்குதான்னு. நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. வந்து நீங்க அவர் கையைப் பிடிச்சுக்குங்க. என்னால முடியல."

மேடம் கழற்றிய கண்ணாடியைப் பைக்குள் போட்டு மூடினார். அவருக்குப் பதில் நான் ஏதாவது சொல்வது வழக்கம். எனக்கு என் நாக்கைப் பிடுங்கி எறியவேண்டும்போல் இருந்தது.

தையல்காரி மட்டும் எதையும் காதில் வாங்கவில்லை. அண்ணனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வலியில ஏதோ சொல்லிட்டார். எல்லாம் சரியாயிடும். கடையை மூடிட்டு நான் இங்கயே வந்துடுறேன். அண்ணா, எனக்காக இருப்பேல்ல? சொல்லுண்ணா. இருப்பேல்ல?"

அதற்குள் அவளுக்கும் திரையைப் படிக்கத் தெரிந்துவிட்டது. உச்சி நீலமானதை அவளே பார்த்தாள்.

"தப்பா வந்திருக்கும். திரும்பக் கேளுங்க."

தொப்பிக்காரர் கேட்டார். உச்சி.

"இன்னொரு தடவை."

உச்சி.

"அவருக்குப் புரியல. மெதுவாக் கேளுங்க." அவள் அவர் காதுப்பக்கம் குனிந்தாள். "அண்ணா, நான்தாண்ணா. நான் கேக்குறேன்."

உச்சி.

"போதும்" என்றார் பெரிய டாக்டர். ஃபைலில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு மூடினார். "நினைவு இருக்கான்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட். இருக்குன்னு உறுதியாயிடுச்சு. இனிமே இவருக்கு இது தேவையில்ல. தொப்பியைக் கழட்டுங்க."

யாரும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் திரையில் உச்சி நீலமானது. வெளுத்தது. மறுபடி நீலமானது. வெளுத்து முடிப்பதற்குள் மறுபடியும் நீலமானது.

தொப்பிக்காரர் கை அந்தரத்தில் நின்றது. அவர் பெரிய டாக்டரைப் பார்த்தார்.

"கழட்டுங்கன்னு சொன்னேன்."

அவர் கழற்றினார்.